படத்தில் ஷெட் பெரிதாக இருந்தது

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் கட்ட விண்ணப்பம் போட்டேன். அதன் பலனாக, இருபத்தெட்டு வருடமாக நாங்கள் குடியிருந்த வீடு வீடே இல்லை என்று ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஷெட் கட்ட நினைக்கிற யாருக்காவது உதவினால் சரி.

நான் நாற்காலி பழுது பார்க்கிறவன். சீட் கிழிந்தது, கால் ஆடுவது, ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்ப்பது எல்லாம் என்னிடம் வரும். வேலை செய்வது வாசல் பக்கத்து அறையில். முடிந்ததும் முடியாததுமாகக் குவித்து வைப்பது கீழே இருக்கும் பின்னறையில். அன்றைய கணக்குக்கு அங்கே இருபத்துமூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, கால் மேலே, கால் கீழே.

அந்த அறை என் அண்ணனுக்கு வேண்டியிருந்தது. அண்ணன் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காவது மாடியில் தனியாக இருந்தார். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனது. டாக்டர், இனி மாடி ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் படுக்கையறைகள் மாடியில். கீழே இருப்பது அந்தப் பின்னறை மட்டும்தான்.

ஆனால் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு, பெயர் கொடுத்து வைத்திருந்தார். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை டிஸ்சார்ஜ். அதற்கடுத்த திங்கள்கிழமை அங்கே இடம் காலியாகிறதாம். அதுவரை வேண்டுமானால் என்னோடு வந்து இருப்பாராம்.

"ஏண்ணே, நான் செத்தா போயிட்டேன்?" என்றேன்.

"நீ இருக்கே. உன் நாற்காலியும் இருக்கே. என்னை உள்ளே வச்சுட்டு உன் பொழப்பைத் தூக்கி மழையில போடுவியா? அதுங்க நனைஞ்சா நீ என்ன பண்ணுவே?"

"ஷெட் கட்டுறேண்ணே. நாற்காலி எல்லாம் ஷெட்டுக்குப் போயிடும்."

"அனுமதி வாங்கினியா?"

அதுதான் என் அண்ணன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட மஞ்சள் கோட்டில் வண்டியை நிறுத்தியதில்லை. டிப்போவில் அவருக்குப் பெயரே 'சட்டப் புத்தகம்'. அவர் வருவார் என்றால் ஷெட்டில் ஒரு ஆணி கூட விதிக்கு மாறாக இருக்கக் கூடாது.

எனவே கட்டட அனுமதி அலுவலகத்துக்குப் போய்ப் படிவமும் விதிப் புத்தகமும் வாங்கி, ஷெட்டுக்கான விதிகளை மட்டும் கவனமாகப் படித்தேன். துணைக் கட்டடம் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குடியிருப்புக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். அதில் யாரும் தங்கக் கூடாது, கழிப்பறை இருக்கக் கூடாது. எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் விட்டு, 'மனையின் வரைபடம் வரைக. எண்கள் மட்டும் இடவும், எழுத்துகள் வேண்டாம்' என்று போட்டிருந்தது.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். வேலைக்கு வருகிற சாமானுக்கு எண் ஒன்று. அது எதோடு சேர்ந்து நிற்கப் போகிறதோ அதற்கு எண் இரண்டு. நாற்காலி ஒன்று, அதன் மேசை இரண்டு. முப்பது வருடமாகக் கை அப்படியே பழகிவிட்டது. கட்டப்போவது ஷெட், அதனால் ஷெட்டுக்கு ஒன்று போட்டேன். அதற்குக் கதவு, தாழ்ப்பாள், ஜன்னல் எல்லாம் அழகாக வரைந்தேன். ஜன்னல் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்ததால் ஒரு பூந்தொட்டியும் வரைந்தேன். வீடுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று மூலையில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு இரண்டு என்று எழுதிவிட்டேன். அலுவலகக் கணக்கில் ஒன்று என்றால் குடியிருப்பு, இரண்டு என்றால் துணைக் கட்டடம் என்பது எனக்குத் தெரியாது.

பத்து நாளில் அனுமதி வந்தது. எல்லோரையும் போல நானும் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இரண்டு வாரம் உட்கார்ந்து ஷெட்டைக் கட்டினேன். மூன்று மீட்டருக்கு இரண்டரை மீட்டர். உயரம் இரண்டு மீட்டர் நாற்பது. வேலியிலிருந்து ஒரு மீட்டரும் மூன்று விரலும். அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "ஆபீஸ்லேர்ந்து வந்து கடைசிப் பார்வை பாத்து முடிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றார்.

கடைசிப் பார்வைக்கு வந்தவர் ஒல்லியான மனிதர். கையில் டேப், கக்கத்தில் ஃபைல். எதைப் பார்த்தாலும் முதலில் அளந்துவிட்டுத்தான் பேசுவார். அவரை எங்கள் வீட்டில் 'அளவு சார்' என்றே சொல்வோம். அவர் நேராக ஷெட்டுக்குள் போய் நான்கு பக்கமும் பார்த்தார்.

"சின்ன வீடுதான். ஆனா சுத்தமா இருக்கு" என்றார்.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து, எங்கள் வீட்டைத் தலை தூக்கிப் பார்த்து, ஏதோ ஒரு கருவியைக் கண்ணில் வைத்து அளந்தார்.

"ஆறு மீட்டர் பத்து. துணைக் கட்டடம் ரெண்டரை மீட்டருக்கு மேல போகக் கூடாதே சார். மூணு மீட்டர் அறுபது குறைக்கணும்."

"எதைக் குறைக்கணும்?"

"இந்த ஷெட்டை" என்று எங்கள் வீட்டைக் காட்டினார்.

என் மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், பையோடு வாசலில் நின்றுவிட்டாள். அளவு சார் உள்ளே நுழைந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். கழிப்பறையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். மாடிக்குப் போய், "இங்க கட்டில் இருக்கே?" என்றார்.

"ஆமா" என்றாள் மனைவி.

"சேமிச்சு வைக்கவா?"

"ஆமா. எங்க வீட்டுக்காரரை அதுலதான் சேமிச்சு வச்சிருக்கேன்."

அளவு சார் எழுதிக்கொண்டார். பிறகு நான் எட்டிப் பார்த்தேன். 'கட்டில் ஒன்று. கணவர் ஒருவர், சேமிப்பில்' என்று இருந்தது.

போகும்போது ஒரு நோட்டீஸ் கொடுத்தார். எண் இரண்டு, துணைக் கட்டடம். உயரம் மீறல். குடியிருப்புக்கு முன்னால் அமைந்திருப்பதால் இட மீறல். கழிப்பறை மீறல். முப்பது நாளுக்குள் உயரத்தைக் குறைத்துப் பின்பக்கம் நகர்த்த வேண்டும். இன்று முதல் இதில் யாரும் தங்கக் கூடாது.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். "அப்ப இருபத்தெட்டு வருஷமா ஷெட்டுலதான் குடித்தனம் பண்ணியிருக்கேனா? கல்யாணம் ஆகி வந்த அன்னிக்கே எனக்கு சந்தேகம்தான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் அலுவலகத்துக்கு ஓடினேன். நான்காவது ஜன்னலில் ஒரு அம்மா. கோபப்படுகிற ஆள் இல்லை. என் வரைபடத்தை எடுத்து என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"சார், நான் உங்க வீட்டைப் பாத்ததில்ல. படத்தைத்தான் பாக்குறேன். இதுக்குக் கதவு போட்டிருக்கீங்க, தாழ்ப்பாள் போட்டிருக்கீங்க, பூந்தொட்டி வேற வச்சிருக்கீங்க. இதுக்கு வெறும் கட்டம். நீங்களே சொல்லுங்க, எது வீடு?"

படத்தைப் பார்த்தால் எனக்கே ஷெட்டில் குடியிருக்கத்தான் ஆசை வந்தது.

"தெரியாம மாத்திப் போட்டுட்டேம்மா. திருத்திக் கொடுங்க."

"திருத்தலாமே. விண்ணப்பம் எழுதுங்க. பதினாலு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"எண் ஒண்ணுல குடியிருங்க."

"அது மூணு மீட்டருக்கு ரெண்டரை மீட்டர்மா. இருபத்துமூணு நாற்காலி வைக்கக் கட்டினது."

"நாற்காலி இருக்குல்ல, அப்புறம் என்ன? உக்காருங்க."

எனக்கு அளவு சாரோ ஜன்னல் அம்மாவோ கவலை இல்லை. வீட்டை யார் வந்து தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? பதினாலு வாரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் அண்ணனிடம் என்ன சொல்வது? மறைக்கலாம் என்றுதான் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே கையை நீட்டிவிட்டார். நோட்டீஸைக் கொடுத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார்.

"தங்கக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"அது சும்மாண்ணே. தப்பா போட்டிருக்காங்க."

"தப்போ சரியோ, முத்திரை இருக்குல்ல? நிறுத்தக் கூடாத இடத்துல நான் வண்டியவே நிறுத்தினதில்ல. நான் போய்ப் படுப்பேனா?"

"அண்ணே, அது நம்ம வீடுண்ணே!"

"இல்ல தம்பி. அது ஷெட்டு." நோட்டீஸை மடித்து என்னிடம் நீட்டிவிட்டு, "விடுடா. திங்கக்கிழமை அங்க இடம் வருது. இப்பவே கேட்டா ஒருவேளை வியாழக்கிழமையே சேத்துப்பாங்க" என்றார்.

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. விதி என்று பேசும்போது இருக்கிற கம்பீரம் அதில் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவருக்கு விதி மட்டும் பிரச்சினை இல்லை. தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பது என்கிற வார்த்தைதான் பிரச்சினை. ஒரு காரணம் கிடைத்தால் வராமல் இருந்துவிடலாம் என்று பார்க்கிறார். அந்தக் காரணத்தை நானே வரைந்து, பூந்தொட்டியும் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கையில் இருந்த விதிப் புத்தகத்தைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு வந்தேன். நாற்பத்தாறு பக்கம். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அண்ணனே போன் செய்தார்.

"டேய், விதி பத்தொன்பது படிச்சியா?"

"இல்லண்ணே."

"நீ எதைத்தான் படிச்சே? சரி கேளு. வியாழக்கிழமை நான் வரேன். ஷெட்டுல ஒரு கட்டில் போட்டு வை."

"ஷெட்டுலயா? வேண்டாண்ணே!"

"அதுதானே வீடு? சட்டப்படி நான் தங்கக்கூடிய ஒரே இடம் அதுதான். நாற்காலிய எல்லாம் பின்னறையிலயே விட்டு வை. அதுதானே சாமான் வைக்கிற இடம். எல்லாமே விதிப்படி இருக்கும்."

மனைவியிடம் சொன்னேன். "அத்தானை ஷெட்டுலயா படுக்க வைக்கப்போறீங்க?" என்று கோபப்பட்டாள். பிறகு அவளே ஷெட்டைத் துடைத்து, கட்டிலுக்கு விரிப்பு போட்டு, ஜன்னலில் நிஜமாகவே ஒரு பூந்தொட்டி வைத்தாள். "படத்துல இருக்குல்ல. இல்லேன்னா அதுக்கும் ஒரு மீறல் எழுதுவான்" என்றாள்.

வியாழக்கிழமை அண்ணன் வாக்கரோடு வந்து இறங்கினார். எங்கள் வீட்டு வாசலை ஏறெடுத்தும் பார்க்காமல், பக்கவாட்டுச் சந்து வழியாக ஷெட்டுக்குப் போனார். முதல் வேலையாக என்னை டேப் பிடிக்கச் சொல்லி, கழிப்பறைவரை நடந்து எட்டுகளை எண்ணிவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் கேட்டார். புகார் எழுதினார். என்மேல்.

'நான் எண் ஒன்று குடியிருப்பில் வசிப்பவன். வீட்டு உரிமையாளர் எனக்குக் கழிப்பறை, சமையலறை, குழாய் எதுவும் செய்து தரவில்லை. கழிப்பறை வேண்டுமானால் எண் இரண்டு துணைக் கட்டடத்துக்கு இருபத்தொன்பது அடி நடக்க வேண்டியுள்ளது. வாக்கரில் அது நாற்பத்துநான்கு எட்டு. உரிமையாளர் நான் பலமுறை சொல்லியும் கேட்காதவர்.'

"நான் எப்பண்ணே கேக்கல?"

"சின்ன வயசுலேர்ந்தே கேக்கல. போடா, போய்க் குடுத்துட்டு வா."

"ஜன்னல்ல பதினாலு வாரம்னு சொன்னாங்களே."

"அது விண்ணப்பத்துக்கு. இது புகார். டிப்போல, பிரேக் சரியில்லன்னு டிரைவர் விண்ணப்பம் எழுதினா ஆறு மாசம் கிடக்கும். பயணி ஒருத்தன் புகார் எழுதினா மறுநாள் காலைல மெக்கானிக் வந்து நிப்பான். விதி பத்தொன்பது. குடியிருக்கிறவன் புகார் கொடுத்தா மூணு வேலை நாள்ல வந்து பாக்கணும்."

என் மேலான புகாரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் அம்மா படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயசானவரை இப்படியா வச்சிருப்பீங்க?" என்றார். ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாட்கள் வேடிக்கையாகத்தான் போயின. அண்ணன் கழிப்பறைக்கு வரும்போதெல்லாம் பின்கதவைத் தட்டி, "சாமான் பத்திரமா இருக்கான்னு பாக்க வந்தேன்" என்பார். மனைவி, "வாங்க அத்தான், எல்லாம் சேமிப்புல இருக்கு" என்பாள். சாப்பாட்டைத் தட்டில் வைத்து நான் ஷெட்டுக்குக் கொண்டு போவேன். "நீங்க மட்டும் எப்படி அந்த ஷெட்டுல தங்குறீங்க?" என்று அண்ணன் அவளைக் கேட்டார். "என்னை ஒரு நாற்காலின்னு நினைச்சுக்கோங்க. இந்த வீட்ல நாற்காலிக்கு இருக்கிற மரியாதை வேற யாருக்கும் இல்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. சமையலறை ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தேன். அண்ணன் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். வாக்கரின் கால் சேற்றில் இறங்கிவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. கூப்பிடவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது, சட்டை முழுதும் நனைந்திருந்தது. பஸ் வராதா என்று ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன்.

"கூப்பிட்டா என்னண்ணே?"

"நீ வேலையா இருப்பே."

"இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"இதான்டா நான் சொன்னது. ஒவ்வொண்ணுக்கும் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். நாளைக்கு அந்த அளவு சார் வரலேன்னா, நான் பேசாம இல்லத்துக்குப் போயிடுறேன். பொட்டிய இன்னும் பிரிக்கல."

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பெட்டி பிரிக்காமல்தான் இருந்தது.

திங்கள்கிழமை பதினொரு மணிக்கு இல்லத்திலிருந்து வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். புகாருக்கு அதுதான் இரண்டாவது வேலை நாள். சட்டப்படி அளவு சார் செவ்வாய்க்கிழமை வந்தாலும் போதும். காலை எட்டு மணியிலிருந்து நான் வாசலிலேயே நின்றேன். கையில் வேலை ஓடவில்லை. ஒரு நாற்காலிக்கு சீட்டைத் தலைகீழாக ஆணி அடித்துவிட்டேன்.

பத்தே காலுக்கு டேப்போடு அளவு சார் வந்தார். கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நான் குற்றவாளி, சும்மா நின்றேன்.

ஷெட்டில் அண்ணன் சட்டை பட்டன் எல்லாம் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"குடியிருப்பாளர்?"

"நான்தான்."

"உரிமையாளர்?"

"அதோ நிக்கிறானே, அவன். ரொம்ப மோசமான ஆளு."

அளவு சார் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. கழிப்பறைக்கு உள்ள தூரத்தை அளந்தார். இருபத்தொன்பது அடி, சரியாக இருந்தது. அண்ணனை நடக்கச் சொல்லி எட்டுகளை எண்ணினார். நாற்பத்தாறு வந்தது.

"ரெண்டு கூடுதலா இருக்கே?"

"நேத்து மழை. சேறு" என்றார் அண்ணன்.

அளவு சார் ஃபைலைத் திறந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எண் ஒண்ணு குடியிருக்கத் தகுதி இல்லை. குடியிருப்பாளரை அதே மனையில தகுதியான அறைக்கு உடனே மாத்தணும். அது விதி. தகுதியான அறை எது?"

"பின்னறை" என்றேன். "எண் ரெண்டுல."

எழுதப் போனவர் நிறுத்திவிட்டார். "எண் ரெண்டு துணைக் கட்டடம். அதுல யாரும் தங்கக் கூடாதே."

பேனா காற்றிலேயே நின்றது. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

"விதி முப்பத்தொண்ணு பாருங்க சார். ஒரு மனையில குடியிருப்பு ஒண்ணாவது இருக்கணும். இதைத் தகுதி இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்க. கையெழுத்தும் போட்டாச்சு. அப்போ மிச்சம் இருக்கிற கட்டடம்தானே குடியிருப்பு?"

அளவு சார் புத்தகத்தை எடுத்துப் படித்தார். வெளியே வந்து எங்கள் வீட்டைப் பார்த்தார். முதல் தடவையாக அதை அளக்காமல் பார்த்தார்.

"பாத்தா வீடு மாதிரிதான் சார் இருக்கு" என்றார்.

"எங்களுக்கும் அப்பப்போ அப்படித் தோணும்" என்றாள் மனைவி.

அங்கேயே, எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆணை எழுதிக் கொடுத்தார். எண் இரண்டு இன்று முதல் குடியிருப்பு. எண் ஒன்று துணைக் கட்டடம். புகார்தாரரைக் கீழ்த்தளப் பின்னறையில் உரிமையாளர் இன்றே குடியமர்த்த வேண்டும். அவருடைய எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அவரை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது. மீறினால் நடவடிக்கை. கீழே முத்திரை.

அண்ணன் அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று தடவை படித்தார்.

நானும் மனைவியும் இருபத்துமூன்று நாற்காலிகளையும் ஷெட்டுக்கு மாற்றினோம். அளவு சாரும் இரண்டைத் தூக்கினார், தூக்குவதற்கு முன் வாசல் அகலத்தை அளந்துகொண்டு. கடைசி நாற்காலி போகும்போது வாசலில் ஹாரன் அடித்தது. இல்லத்து வண்டி.

அண்ணன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவரே வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். வண்டியிலிருந்து இறங்கிய ஆள், "பொட்டி எங்கங்க?" என்றார்.

"பொட்டி உள்ளே போயிடுச்சு. எனக்கு உங்க இடத்துக்கு வரணும்னுதான் இருந்தது" என்றார் அண்ணன். கையில் இருந்த ஆணையை விரித்துக் காட்டினார். "ஆனா பாருங்க, மேலிடத்து உத்தரவு. இங்கதான் இருந்தாகணும். நான் என்ன பண்ண முடியும்?"

அந்த ஆள் முத்திரையைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

ஆணை இப்போது பின்னறைச் சுவரில், கட்டிலில் படுத்தால் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டியிருக்கிறது. அண்ணன் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். நேற்றுக் காலை நான் வாசலறையில் ஒரு சாய்வு நாற்காலிக்கு ஸ்பிரிங் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து, நல்ல உரத்த குரலில் கூப்பிட்டார்.

"ஓனர்! ஜன்னல் கொக்கி ஆடுது. வந்து பாக்குறீங்களா, இல்ல புகார் எழுதட்டுமா?"

ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன்.